கை நனைக்க வந்தவர்

தெருமுனையில் புல்லட் சத்தம் கேட்டதும் உமாதேவியின் கையிலிருந்த பீங்கான் பரணி ஆடிவிட்டது. ஒயின் பாதி சட்டிக்குள் விழுந்தது, பாதி அடுப்பு மேடையில் ஓடியது.

"பாத்து ஊத்தக் கூடாதா?" என்று புருஷன் சவரிராஜ் கைத்துணியோடு பாய்ந்தான். "கிறிஸ்துமசுக்குப் போட்டதுல இதான் கடைசிப் பரணி."

அவள் அசையவில்லை. அந்த வண்டி ஓடும்போதே நடுவில் ஒரு தரம் இருமும். பிறந்த ஊர் ஜெயமங்கலத்தில் அந்த இருமல் கேட்டால் அடுக்களையில் அவசர அவசரமாகச் சோற்றை வடிப்பார்கள்.

"எங்கப்பாங்க."

கைத்துணி சவரிராஜின் கையிலேயே நின்றுவிட்டது.

இந்த ராயப்பன்பட்டி வீட்டுக்கு உமா வாழ வந்து நாலு வருடம். காதல் கல்யாணம், அதுவும் மாதா கோயிலில், வேதக்காரர் முறைப்படி. ஆத்தா மட்டும் திருவிழாச் சாக்கில் வந்துபோவாள். அப்பா வேலுச்சாமி வந்ததே இல்லை. "வேதக்கார வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்று ஊர்ச் சாவடியில் வைத்துச் சொன்னவர். போன வருடம் உத்தமபாளையம் சந்தையில் உமா எதிரே பார்த்து, கெஞ்சிக் கூப்பிட்டபோதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்.

இன்றைக்கு அவரே வாசல் நிலைக்குத் தலை குனிந்து உள்ளே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"ஆத்தா நல்லா இருக்காளாப்பா?"

"அவளுக்கென்ன, கல்லாட்டம் இருக்கா."

"தம்பி? கட்டப்பனை ஏலக்காய்க் கடை வேல தோதாப் போகுதா?"

"ம்" என்றவர் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். சட்டென்று வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கேட்டார், "சோறு ஆயிருச்சா?"

அவர்கள் ஊர்ப் பக்கத்தில் காப்பி குடித்தால் அது கணக்கில் வராது. தண்ணீர் குடித்தாலும் வராது. இலை முன் உட்கார்ந்து, சோற்றில் கைவைத்து, சாப்பிட்டுக் கழுவினால்தான் உறவு. அதைத்தான் அப்பா கேட்கிறார். அவராகவே கேட்கிறார்!

"இந்தா, ஆகப்போகுதுப்பா" என்று அடுக்களைக்குள் ஓடினாள்.

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரமாவது வேணும்" என்றான் சவரிராஜ். தேக்கடியில் ஒரு விடுதியில் அவன் சமையல்காரன். வெள்ளைக்காரர்கள் அங்கே இந்தக் கறியைக் கேட்டு வாங்கித் தின்பார்கள். லீவு கிடைத்த ஞாயிறுகளில் உமாவுக்காக வீட்டிலும் வைப்பான். தோலும் கொழுப்புமாக வெட்டிய பன்றிக்கறியை அதன் நெய்யிலேயே சிவக்க வறுத்து, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, பட்டை போட்டு, பன்னீர் திராட்சை ஒயினை ஊற்றி மூடி, சிம்மில் வைத்துவிடுவான்.

"குக்கர்ல போடுங்க. நாலு விசில்ல முடிஞ்சிரும்" என்றாள் உமா.

"கறி நாரா போயிரும், கொழுப்பு தனியா மெதக்கும். வெளங்காது."

"அப்ப தீயக் கூட்டுங்க."

அவள் குமிழில் கை வைத்தாள். அவன் குறைத்தான். அவள் கூட்டினாள். அவன் அவள் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டான். "அடியே, கூட்டுனா ஒயின் வத்திரும், கறி எறுகிரும். அப்புறம் ஒங்கப்பா பல்லுதான் ஒடையும்."

உமா குரலைத் தாழ்த்தினாள். "ஆட்டுக்கறின்னு சொல்லிருவோமாங்க? எங்க சனம் பன்னியத் தொடாது. பேரக் கேட்டாலே எந்திரிச்சிருவாரு."

சவரிராஜ் கையை விட்டான். "ஏமாத்தித் திங்க வச்சா அது எப்படி கை நனச்சதாகும்? நாளைக்குத் தெரிஞ்சா இன்னும் நாலு வருசம்."

"இன்னைக்கு விட்டா எப்பவுமே இல்ல. ஒங்களுக்குத் தெரியாது அவர."

"என்ன கறி?"

அடுக்களை வாசற்படியில் அப்பா நின்றிருந்தார். மூடியின் இடுக்கில் ஆவி வந்தது. இனிப்பும் புளிப்புமாக அந்த வாடை வீட்டையே நிறைத்திருந்தது.

'ஆட்டு' என்பது உமாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சவரிராஜ் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். உதவிக்கு வரமாட்டான்.

"பன்னிக்கறிப்பா" என்றாள். சொல்லியாயிற்று, முழுசும் சொல்லிவிடுவோம் என்று, "ஒயின் ஊத்தி வச்சிருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வேலுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். திரும்பி நடந்தார். வாசல் கதவு கிறீச்சிட்டது. புல்லட் உதைபட்டு உயிர் பெற்றது, ஒரு தரம் இருமியது.

உமா சுவரில் சாய்ந்தாள். "போயிட்டாரு. நீங்களும் ஒங்க நாயமும்."

வண்டிச் சத்தம் கொஞ்சம் நகர்ந்து நின்றுபோனது. அப்பா மறுபடி உள்ளே வந்தார். "வெயிலு கொளுத்துது. நெழல்ல போட்டு வந்தேன்" என்று அதே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

உமாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "முட்டை வாங்கியாரச் சொல்லி, ரசம் வச்சுத் தர்றேன்ப்பா. வெரசா ஆயிரும்."

"வேணாம். நீங்க திங்கிறதையே போடு."

"இல்லப்பா, நீங்க அத..."

"போடுன்னா போடு."

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அப்பா நாற்காலிக்கும் வாசலுக்கும் நடந்தார். உமா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். மூடியைத் திறக்கப் போகும்போதெல்லாம் சவரிராஜ் கரண்டியால் அவள் கையில் தட்டினான். எதற்கு வந்திருக்கிறார்? ஆத்தாவோடு சண்டையா? உடம்புக்கு ஏதாவதா? ஒரு பதிலும் அந்த முகத்தில் இல்லை.

"ஏய்யா" என்றார் அப்பா, அடுக்களைப் பக்கம் பார்க்காமலே. மருமகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "இம்புட்டு நேரத்துல எங்க ஊர்ல கெடா வெட்டி பந்தியே முடிஞ்சிருக்கும்."

"அது ஊருக்கு ஆக்குறது மாமா. அடுப்பும் பெருசு, தீயும் பெருசு. இது வீட்டுக்கு."

"மோட்டாருக்கு மதியத்துக்கு மேலதான் கரண்டு விடுவான். தண்ணி பாச்சணும் நான்."

"அப்ப இன்னொரு நாளைக்கு வாறீகளா மாமா?"

உமா அவன் காலை மிதித்தாள்.

"வந்தவன் சாப்பிட்டுத்தான் போவேன்" என்றார் அப்பா, யாரையோ மிரட்டுகிற குரலில். கொஞ்ச நேரம் கழித்து, "இத ஸ்பூன்லயா திம்பாக?" என்று கேட்டார்.

"வெள்ளைக்காரன் முள்ளுக்கரண்டியில திம்பான். நாம கையிலதான்."

"அதானே" என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

ஒருவழியாக சவரிராஜ் மூடியைத் திறந்தான். ஒயின் வற்றிக் கருஞ்சிவப்பில் பளபளவென்று கறியைப் பூசியிருந்தது. கரண்டி பட்டதும் ஒரு துண்டு தானாகப் பிளந்தது. அதற்குள் உமா இலை போட்டுவிட்டாள். தண்ணீர் தெளித்தாள். அப்பா இலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கையை மடியிலேயே வைத்திருந்தார். எழுந்துவிடுவாரோ என்று அவள் தண்ணீர்ச் செம்போடு பார்த்து நின்றாள்.

அவர் சோற்றைப் பிசைந்தார். ஒரு துண்டைச் சேர்த்து வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, மருந்து விழுங்குகிறவரைப் போல மென்றார். இரண்டாவது துண்டுக்குக் கண் திறந்தது. மூன்றாவதற்குப் பிறகு இலையின் ஓரத்தை விரலால் தட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் வை."

சவரிராஜ் கரண்டியோடு குனிந்தான். உமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு வருடம் சுமந்த பாரம் இறங்கிவிட்டது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்பா, எனக்காகத்தான வந்தீக?"

பிசைந்த கை நின்றது. அப்பா நிமிரவில்லை. இலையைப் பார்த்தே சொன்னார்:

"ஒன் தம்பி கட்டப்பனையில ஒரு வேதக்காரப் புள்ளயத்தான் கட்டுவேன்னு நிக்கிறான்த்தா. பொண்ணு கேக்கப் போனா, 'பெத்த மக வீட்டுலயே கை நனைக்காத மனுசனுக்கு எங்க வீட்டுல எதுக்கு எல போடணும்'னு கேட்டுப்புட்டாக."