கிரிசெலுக்கு ஒத்துக்கொள்ளாத குளிர்காலம்

ஸ்காட்லாந்து மலையில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் வில்ஃப் கண்டெடுத்து, கிரிசெல் என்று பெயர் வைத்த ஸ்னோடிராப் அது, குளிர்கால முடிவில் பூக்கும் சின்ன வெள்ளைப் பூ. உலகத்திலேயே அவரிடம் மட்டும்தான் இருந்தது. அபூர்வ வகை கிடைத்தால் இன்னொருவரிடமும் ஒரு கிழங்கைக் கொடுத்து வைப்பது இந்தப் பூ வளர்ப்பவர்களின் வழக்கம். இங்கே செத்தாலும் அங்கே பிழைக்கும் அல்லவா? வில்ஃப் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

இந்த வருடம் வில்ஃப் குடியிருக்கும் தெற்கு இங்கிலாந்தின் சாமர்செட்டில் உறைபனியே இல்லை, மழைதான். பிப்ரவரியில் கிரிசெலின் தளிர்கள் சாம்பல் பூஞ்சணத்தைப் போர்த்திக்கொண்டு வந்தன. வில்ஃப் ஒவ்வொன்றாகத் தோண்டினார். எல்லாம் கூழ். தோண்டாத செடிக் குத்து ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு மேவிஸ் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"குளிர்ந்த மண்ணு கேக்குற பூவுய்யா இது. என் வடக்குச் சரிவுல ஒண்ணு வைக்கிறேன்னு எத்தன தடவ கேட்டேன்! குடுத்தியா, கஞ்சப் பிசினாரி?"

வில்ஃப் நிமிரவில்லை. "போன வருஷம் ஒரு கிழங்கு காணாமப் போச்சு. நீதான் திருடுனேன்னு சொன்னேன்."

"ஊர் பூரா சொன்ன."

"எடுத்திருந்தா இப்பச் சொல்லிடும்மா மேவிஸ். சத்தியமாக் கோவிக்க மாட்டேன்."

மேவிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் எடுக்கலய்யா," என்றாள்.

வில்ஃப் கடைசிக் குத்தின் அடியில் தோட்டக் கரண்டியைச் செருகினார். மண் புரளும் முன்பே அழுகல் வாடை மேலே வந்தது.