நான்கு காலிக் கார்கள்

மகள் ஷர்மினியின் கல்யாணக் காலையில் மண்டப வாசலில் நின்றவர்கள் நான்கு பேர்: காளியப்பனாகிய நான், என் மகன் மனோகரன், சம்பந்தி சுகுமாறன், கார் நிறுவனத்துப் பெண் நாஸியா. நிற்க வேண்டியவர் இன்னொருவர் இருந்தார். பெண்ணின் தாய்மாமன் தங்கராஜு, என் மறைந்த மனைவியின் ஒரே தம்பி. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்து மணவறைக்கு அழைத்து வராமல் எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் தாலி கட்டிக்கொண்டதில்லை. பொந்தியானிலிருந்து வேனில் சீர்த்தட்டுகளோடு வந்துகொண்டிருந்தார்.

ஓட்டுநர் இல்லாத கார்களை எங்கள் ஊரான தம்போயில் சோதனைக்கு விட்டிருந்த காலம் அது. மாப்பிள்ளை வீட்டாருக்காக நான்கை வாடகைக்கு எடுத்தேன். விருந்தினரை இறக்கியதும் நாஸியா கையிலிருந்த திரையைப் பார்த்துச் சொன்னாள்:

“அங்கிள், காரெல்லாம் திடல்ல போய் நிக்கட்டும். அரைக் கிலோமீட்டர்தான்.”

“திடல்ல நின்னா யாரு பாப்பாங்க? பூமாலையோட இந்தத் தெருவையே சுத்தி வரட்டும்.”

“காலியாவா? அனுமதிக் கடுதாசியில கூடாதுன்னு இல்ல. ஆனா ரோடு ஜாமாயிடும் அங்கிள்.”

“நாலு காருல என்னம்மா ஜாம்?”

மண்டபத் தெரு பட்டறைகள் நிறைந்த ஒற்றைத் தெரு. ஓரத்தில் லாரி நின்றால், மனிதர்கள் ஒதுங்கி நுழைந்து போவோம். அந்தக் கார்கள் நின்றுவிடும். யாராவது குறுக்கே நடந்தாலும் நின்றுவிடும். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். முதல் கார் ஒரு சுற்று முடித்து வந்தபோது, நான்காவதின் பின்னால் நின்ற வரிசையில் அதுவே மாட்டிக்கொண்டது.

சம்பந்தி சிரித்தார். “ஆளில்லாத காரு நாலு ஊர்வலம் போவுது. ஆளு இருக்கிற வண்டி ஒன்னுகூட உள்ள வரலையே!”

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் மனோகரன் கைப்பேசியை நீட்டினான்.

“அப்பா, மாமா தெருமுனையிலதான் இருக்காராம். வேன் நகரலையாம். காருங்கள திடலுக்கு அனுப்பச் சொல்லுங்கப்பா.”

“சிங்கப்பூர்ல இருந்து மாப்பிள்ளை ஆளுங்க இன்னும் வரல. அவங்க பாத்ததும் அனுப்பலாம்.”

“முகூர்த்தம் ஒம்பது மணிக்குப்பா!”

“எனக்குத் தெரியாதா? போடா உள்ள.”

நாஸியா என் முகத்தையே பார்த்தாள். நான் ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. சம்பந்தி முன்னால், தப்பு பண்ணிவிட்டேன் என்று காட்டிக்கொள்ள என் முதுகு வளையவில்லை.

ஒன்பதாக ஐந்து நிமிடம் இருக்கும்போது மனோகரன் மனைவியின் அண்ணனைக் கூப்பிட்டு மாலை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். ஷர்மினி வாசலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

தாலி ஏறிச் சில நிமிடங்களில் தங்கராஜு வந்தார். வழி விடும் என்று காத்திருந்து, கடைசியில் வேனை முனையிலேயே விட்டுவிட்டு, சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்திருந்தார். புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“மச்சான், முடிஞ்சிருச்சா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“நேரத்துக்கு வரணும்லா, தங்கராஜு” என்றேன்.

அவர் தட்டை மணவறை ஓரத்தில் வைத்தார். ஷர்மினியின் தலையில் கைவைத்தார். சாப்பிடாமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் நகராண்மை அதிகாரி ஒருவர் வந்து விசாரித்தார். ஆள் இறங்கியதும் கார் நிறுத்துமிடத்துக்குத்தான் போக வேண்டும், காலியாகச் சுற்றக் கூடாது என்று சோதனை விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். எத்தனை நிமிடம் தெரு அடைந்து கிடந்தது என்று மட்டும் அவர் கேட்டார். யாரால் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தங்கராஜு குடித்துவிட்டு, தூங்கி எழுந்து தாமதமாக வந்தார் என்று தம்போயில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவர் குடிப்பதில்லை. எட்டு இருபதுக்கே தெருமுனைக்கு வந்துவிட்டார். வழியை அடைத்தவை நான் எடுத்த கார்கள். சுற்றச் சொன்னவன் நான்.