வெள்ளைப்பாறையைப் பார்த்த ஆன்டெனா

புதன்கிழமை காலை ஓபல் ஹாஸ்கெட்டின் சமையலறை மேசை முழுக்க ஆன்டெனாக்கள் கிடந்தன. அவள் கணவன் ராய்ஸ் முட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மடங்காத இடது காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"மனுஷன் மேசையில சாப்பிடுற காலம் திரும்பி வருமா?" என்றான்.

"சனிக்கிழமை வரைக்கும் மடியில வச்சுச் சாப்பிடு. அப்புறம் மேசை உனக்கு, கழுதைங்க எனக்கு."

அவர்களுக்குள் பேச்சு அப்படித்தான் முடிவாகியிருந்தது. டாப்ஸ் ஓடைப் பள்ளத்தாக்கில் அவர்களிடம் ஆறு கோவேறு கழுதைகள் இருந்தன. கோடையில் மலையேறுகிறவர்களின் கூடாரங்களையும், இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்களின் மூட்டைகளையும் சுமப்பவை. டிரெய்லரில் மூன்றைத்தான் ஏற்ற முடியும். வெளியேற ஒரே பாதை, அதில் ஒற்றை வண்டி மட்டும் போகிற ஒரு பாலம். ஆகவே தீ வந்தால் இரண்டு நடை போக வேண்டும். போன கோடையில் முதல் தகவலாக வந்ததே கூரைமேல் விழுந்த சாம்பல்தான். பள்ளத்தாக்கில் கைப்பேசி எடுக்காது. ஷெரிஃபின் ஆள் வந்து கதவைத் தட்டியபோது எதிர் மேட்டில் நெருப்பு தெரிந்தது. இரண்டாவது நடையில் ஒரு கங்கு பறந்து வந்து டச்சஸ் என்ற கழுதையின் வாலைப் பொசுக்கியது. அடுத்த தீயில் இவற்றை எப்படி வெளியேற்றுவது என்ற நினைப்பு அன்றிலிருந்து ராய்ஸை விடவில்லை. ரெட் பிளஃபிலிருந்து டிவைட் என்ற ஆளைக் கூப்பிட்டு ஆறையும் விற்பதாகச் சொல்லிவிட்டான். சனிக்கிழமை பெரிய லாரியோடு டிவைட் வருகிறான்.

"தீயணைக்கிறவங்க பேசுறது இந்த வீட்டுக்குள்ள கேட்டுச்சுன்னா சாம்பல் விழுற வரைக்கும் காத்திருக்க வேண்டாமே?" என்று ஓபல் கேட்டிருந்தாள்.

"கேக்க வை. சனிக்கிழமைக்குள்ள தெளிவாக் கேட்டா, டிவைட்டுக்கு ஒரு காப்பி குடுத்து அனுப்பிடறேன்."

கேட்க வைப்பதற்காக அவள் வாங்கி வந்த கருவி, உள்ளங்கையளவு ஸ்கேனர். அது வரிசையாக ஒவ்வொரு அலைவரிசையாகத் தாவிப் பார்க்கும். எதில் பேச்சு இருக்கிறதோ அங்கே நின்று நமக்குக் கேட்க வைக்கும். அதோடு வந்த விரலளவு ரப்பர் குச்சி ஊரில் நன்றாகவே கேட்டது. பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் கரகரப்பைத் தவிர ஒன்றுமில்லை. காரணம் எளிது. தீயணைப்பாளர்களின் பேச்சையெல்லாம் மேற்கே ஹோகன் மலையுச்சியில் நிற்கும் கோபுரம் வாங்கி மறுபடி உரக்க அனுப்புகிறது. அந்த மலைக்கும் ஓபலின் வீட்டுக்கும் நடுவே, வீட்டின் முதுகை ஒட்டியே, நெட்டுக்குத்தான ஒரு மேடு எழுந்து நின்றது.

ஓடைக்கு அக்கரையில் இருந்த ஆர்லோ பிக்ஸ்பிதான் இந்த ஆன்டெனாக்களைக் கொண்டுவந்து கொடுத்தவன். ஊர்த் தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தின் ரேடியோக்களைப் பார்த்துக்கொள்கிறவன்.

முதலில் சோதித்தது, துணி கிழிந்த குடையை நட்டு வைத்ததுபோல இருந்த ஒன்று. எல்லா அலைவரிசையையும் வாங்கும் என்று ஆர்லோ பெருமையடித்தான். வாங்கியது உண்மைதான். விமானங்கள், லாரிக்காரர்கள், எங்கோ ஒரு பண்ணைக்காரன் தன் மகனைத் திட்டுவது எல்லாம் கேட்டன. ஆனால் எல்லோருக்கும் காது கொடுக்கிற ஆன்டெனா யாருக்கும் முழுக் காதைக் கொடுப்பதில்லை. ஓபலுக்கு வேண்டியது ஒரே அலைவரிசை.

தீயணைப்பு அலையின் நீளம் ஏறக்குறைய நாலு முழம். அதில் கால்பங்கு நீளக் குச்சி அந்த அலைக்கு இசைந்து அதிரும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல. அதாவது ஓபலின் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு குச்சி போதும். வெல்டிங் கம்பியை அந்த அளவுக்கு வெட்டி நிமிர்த்தி, அடியில் நாலு கம்பிகளைச் சாய்த்து விரித்து அவளே ஒன்று செய்தாள். குடையைவிட அது நன்றாகக் கேட்டது.

பிறகு ஆர்லோ கொடுத்த, அலையைப் பெருக்கிக் காட்டும் பெட்டியைச் செருகினாள். கரகரப்பும் சேர்ந்து பெருகியது. சல்லடையில் விழாத மாவைச் சலிக்க முடியுமா? ஆன்டெனாவில் பேச்சு விழுந்தால்தானே பெருக்குவதற்கு.

கடைசியில் கொட்டகைப் பரணில் கிடந்த பழைய டிவி ஆன்டெனாவை இறக்கினாள். மீன் முள்ளைப்போல ஒரு தண்டும் குறுக்கே குச்சிகளும். அது ஒரு திசையை மட்டும் பார்க்கும். பார்க்கிற திசையில் கூர்மையாகக் கேட்கும். டிவி அலைகள் படுத்தபடி வருவதால் அதன் குச்சிகளும் படுத்திருக்கும். தீயணைப்பு வண்டிகளின் ஆன்டெனாக்களோ நிமிர்ந்து நிற்பவை, அலையும் நிமிர்ந்தே வரும். ஆகவே ஓபல் மீன் முள்ளைப் பக்கவாட்டில் திருப்பி, குச்சிகள் வானத்தைப் பார்க்கும்படி கட்டினாள். இரும்புக் கம்பத்தில் கட்டினால் கம்பமும் ஒரு குச்சியாகி அலையைக் குழப்பும் என்று வேலிக்கு வைத்திருந்த நீண்ட தேவதாரு மரக் கம்பத்தில் கட்டினாள்.

இத்தனையையும் ஒப்பிட்டுப் பார்க்க நிற்காமல் பேசுகிற ஒரு குரல் வேண்டும். வானிலை ஒலிபரப்பு அப்படிப்பட்டது. நாள் முழுக்கக் காற்றையும் ஈரத்தையும் சொல்லிக்கொண்டேயிருக்கும். அதை வைத்துக்கொண்டு மரத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, குரல் மணிமணியாகக் கேட்கிற இடத்தில் நிறுத்தி முடுக்கியிருந்தாள்.

"கேட்டியா?" என்றாள் இப்போது, ஸ்கேனரை ராய்ஸின் காதருகே நீட்டி. "வெள்ளிக்கிழமை மலைமேல இடி, மழை இல்லாம. பக்கத்து அறையில பேசுற மாதிரி இல்ல?"

"நல்லாத்தான் இருக்கு. இவன் தீயை அணைப்பானா?"

"இரு. காலை அழைப்பு வரட்டும்."

தீ காலத்தில் ஒவ்வொரு காலையும் தலைமை நிலையம், மலைகளில் புகை தெரிகிறதா என்று பார்க்கும் எல்லாக் காவல் கோபுரங்களையும் வண்டிகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் தீயணைப்பு அலைவரிசையில் நிச்சயமாகப் பேச்சு வரும் என்று நம்பக்கூடிய நேரம். மற்றபடி எப்போது யார் பேசுவார்கள் என்று தெரியாது.

ஓபல் அலைவரிசையை மாற்றினாள். நேரம் வந்தது. ஸ்கேனர் கரகரத்தது. யாரோ தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை.

ராய்ஸ் முட்டையை மென்றான். சிரிக்கவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் உறைத்தது.

மத்தியானம் ஆர்லோ வந்தான். ஓபல் சுட்ட பீச் பழக் கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, வெளியே போய் ஆன்டெனாவை அண்ணாந்து பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏன் ஓபல், வானிலைக் கோபுரம் எந்த மலையில இருக்குன்னு நினைச்ச?"

"ஹோகன்ல."

"ஹோகன்ல தீ மட்டும்தான். வானிலை தெற்கே, பள்ளத்தாக்கு வாய்க்கு நேரா இருக்கு. நீ வேற ஒருத்தன் வீட்டு வாசல்ல நின்னு கதவைத் தட்டிக்கிட்டு இருக்க!"

ஓபலுக்கு முகம் சிவந்தது. நாள் கணக்கில் உழைத்ததெல்லாம் தப்பான மலைக்கு.

"சிரிச்சது போதும், கேக்கை முழுங்கு. அப்ப வானிலையை வச்சுச் சோதிக்கக் கூடாது. காலை அழைப்பை வச்சுத்தான் சோதிக்கணும்."

"ஒரு காலைக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். உனக்கு இருக்கிறதே ரெண்டு காலை."

"ரெண்டு இருக்கே," என்றாள் ஓபல்.

வியாழக்கிழமைக் காலை மீன் முள் நேராக மேற்கே, ஹோகன் மலையைப் பார்த்து நின்றது. வைக்கோல் வண்டியின் மேல் மரத்தை நட்டு இன்னும் உயர்த்தியிருந்தாள். அழைப்பு வந்தது. "...கோட்... காற்று... மேற்..." முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் துண்டு துண்டாக. நெருப்பு எந்த மேட்டில் என்று சொல்லும் அந்த ஒரு சொல் விழாமல் போனால் மற்றது கேட்டு என்ன பயன்?

"உயரம் பத்தல. மேட்டு உச்சியில நட்டு, அங்கிருந்து கம்பி இழுக்கலாம்," என்றான் ஆர்லோ.

"அவ்வளவு தூரக் கம்பியில வர்றதுக்குள்ள பாதிப் பேச்சு கரைஞ்சு போயிடும். நீதான சொன்ன?"

"சொன்னேன்," என்று அவன் ஒத்துக்கொண்டான். "சரி, டிவைட் நல்லவன். கழுதைங்களை நல்லாப் பார்த்துப்பான்."

அவள் போய் டச்சஸின் வாலில் புதிதாக முளைத்திருந்த குட்டை மயிரைத் தடவிக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் ராய்ஸ் பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தான். சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கி வீடு நிழலில் மூழ்கிவிட்டது. அந்த வேளையில் எப்போதும் நடப்பதுதான் அன்றும் நடந்தது: கிழக்கே ஓடைக்கு அப்பால் நிற்கும் பிரம்மாண்டமான வெள்ளைப்பாறை இன்னும் வெயிலில் பளபளத்தது, அதிலிருந்து தெறித்த வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து அடுப்பில், கரண்டியில், ராய்ஸின் மூக்கில் விழுந்தது. விளக்கு போடத் தேவையிருக்காது. முப்பது வருஷமாக இருவரும் அந்த வெளிச்சத்தில்தான் இரவுச் சாப்பாடு செய்கிறார்கள்.

ஓபல் தட்டுகளை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"ராய்ஸ், இந்த வெளிச்சம் எங்கிருந்து வருது?"

"பாறையிலேருந்து. உடம்பு சரியில்லையா உனக்கு?"

"சூரியன்தான் மறைஞ்சிடுச்சே."

"நமக்கு மறைஞ்சிடுச்சு. பாறை உயரத்துல இருக்கு, அதுக்கு இன்னும் தெரியுது."

"ஹோகன் மலையும் அந்தப் பாறைக்குத் தெரியும்ல?"

ராய்ஸ் கரண்டியை வைத்தான். மேற்கே பார்த்தான், கிழக்கே பார்த்தான். "தெரியும்," என்றான் மெதுவாக. "அங்க ஏறினா கோபுரமே தெரியும்."

ரேடியோ அலையும் ஒளியும் ஒரே குடும்பம்தான். ஒன்று நீளம், மற்றது மிகக் குட்டை. மோதிய இடத்தில் தெறித்துத் திரும்புகிற குணம் இரண்டுக்கும் உண்டு.

வெள்ளிக்கிழமைக் காலை அழைப்புக்கு முன்பே மரத்தைத் திருப்ப ஆரம்பித்தாள். ஆர்லோ ஓடிவந்தான்.

"ஓபல்! கோபுரத்துக்கு முதுகைக் காட்டுறியே! மூளை கீளை—"

"ஆர்லோ, வாயை மூடிக்கிட்டு அந்தக் கயித்தைப் பிடி."

ராய்ஸ் கோலை ஊன்றி வந்து, யாரும் கேட்காமலே மரத்தின் அடியைக் கட்டிப்பிடித்தான். ஓபல் ஸ்கேனரைக் காதில் வைத்துக்கொண்டாள்.

தகரச் சுரண்டல்தான் முதலில் வந்தது. "இடது பக்கம்," என்றாள். "இன்னும். பாறையோட நடு மடிப்பைப் பார்த்து."

ராய்ஸ் மூச்சைப் பிடித்துத் திருப்பினான். சுரண்டல் குறைந்தது. குறைந்துகொண்டே வந்து, நின்று, அதற்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் தண்ணீரிலிருந்து எழுகிறதைப்போல எழுந்தது:

"கோட் ராக், காலை வணக்கம்."

"கோட் ராக், வணக்கம். பார்வை தெளிவு. காற்று மேற்கிலேருந்து லேசா. தெற்கே மேகம் கட்டுது."

"ஸ்லேட் பாயின்ட்?"

"இருக்கேன். என் காப்பிதான் தீர்ந்துபோச்சு."

ஒருவர் விடாமல் எல்லோரும் பதில் சொன்னார்கள். கடைசிப் பெயர்வரை ஓபல் அசையவில்லை. ஆர்லோ தொப்பியைக் கழற்றி, மேற்கே இருந்த மலையையும் கிழக்கே பார்த்த ஆன்டெனாவையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ஆணி," என்றாள் ஓபல். "யாராவது ஆணி கொண்டு வாங்க, ராய்ஸ் கையை எடுக்கிறதுக்குள்ள."

சனிக்கிழமை டிவைட் காப்பி குடித்தான். ராய்ஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். முகம் மட்டும் தெளியவில்லை. டிவைட் கோபித்துக்கொண்டு போனபின், "கேக்குது சரி. கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு பார்ப்போம்," என்றான்.

திங்கட்கிழமை மத்தியானம் ஓபல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மழையில்லாத இடியும் மின்னலும் வானத்தைக் கடந்துபோய் வெகுநேரமாகியிருந்தது. அலமாரி மேலிருந்த ஸ்கேனர் தாவலை நிறுத்திப் பேசியது.

"ஸ்லேட் பாயின்ட்ல இருந்து. புகை தெரியுது. டாப்ஸ் ஓடையோட வடக்கு முனை. மெல்லிசா வெள்ளையா, மேல் ஏறுது."

வடக்கு முனை என்றால் அவர்கள் மேய்ச்சலுக்கு மேலே. ஜன்னலில் பார்த்தால் வானம் நீலமாகத்தான் இருந்தது. சாம்பல் இல்லை, வாடை இல்லை.

ராய்ஸ் வாசலில் நின்றிருந்தான். அவனும் கேட்டிருந்தான். "முதல்ல டச்சஸ்," என்றான். "அவதான் ஏற அடம் பிடிப்பா. நேரம் இருக்கு, தாஜா பண்ணி ஏத்து."

ஓபல் வீட்டுத் தொலைபேசியில் ஆர்லோவுக்கும் ஓடையோரத்து மற்ற வீடுகளுக்கும் சொன்னாள். முதல் மூன்றையும் ராய்ஸோடு ஊர்க் கண்காட்சி மைதானத்தில் விட்டுவிட்டு மற்ற மூன்றுக்காகத் திரும்பி வந்தாள். அவற்றையும் கேரட் காட்டி, பேசிப் பேசி, கத்தாமல் ஏற்றினாள்.

பாலத்தை நெருங்கியபோது, எதிரே அதைக் கடந்து வந்த ஷெரிஃபின் வண்டி விளக்குச் சுழல ஓரமாக நின்று வழிவிட்டது. போன வருஷம் கதவைத் தட்டிய அதே ஆள் கண்ணாடியை இறக்கினான்.

"ஓபல்! வெளியேறச் சொல்லி உத்தரவே இப்பத்தான் வந்துச்சு. உங்க வீட்டுக்குத்தான் போறேன்."

"அங்க யாரும் இல்ல, தம்பி. ஓடையோரத்துல எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஆர்லோ மட்டும் தண்ணிக் குழாயோட நிக்கிறான், அவன் போகமாட்டான்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

பின்னால் டிரெய்லரில் ஒரு கழுதை பலகையை உதைத்தது. ஓபல் கண்ணாடியில் பார்த்தாள். மேட்டுக்கு மேலே புகை இப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தது.

"பாறை சொல்லிச்சு," என்று சொல்லிவிட்டு, அவள் வண்டியைப் பாலத்தில் ஏற்றினாள்.