ஹவுசிங் போர்டு மாடியில் பிறை

அந்த ரமலான் இருபத்தொன்பதாம் நாள் மாலை சென்னை முழுக்க மேகம் மூடியிருந்தது. பிறை, பட்டினப்பாக்கத்தில் ஹவுசிங் போர்டு மொட்டை மாடி ஒன்றுக்கு மேல் மட்டும் தெரிந்தது. அதுவும் ஜஹீதாவும் கயலும் கைகோத்து நின்றால்தான் தெரிந்தது. சங்கரா மீன் அன்று கிலோ நானூறு.

நந்தனம் கல்லூரியில் அப்போது முதல் வருடம் படித்த இந்த இருவரும் காதலிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அந்த மாடியில் இதுதான் வழக்கம். விரலோடு விரல் சேர்ந்தால் நிலா ஆஜர், அமாவாசையானாலும் சரி. கயலின் அம்மா தேவானை மீன் விற்கிறவள். இந்தக் காதலில் அவளுக்கு ஒரே ஒரு குறைதான். “அமாவாசையில நிலா வந்துகினா வலையில மீனு எப்டிடி மாட்டும்? கைய வுடுங்கடி!” என்று கீழேயிருந்து கத்துவாள். மயிலாப்பூரில் இருக்கும் ஜஹீதாவின் அம்மி கமர் ஜஹானுக்கோ ஒன்றும் தெரியாது. சிநேகிதி வீட்டில் நோன்பு திறக்கிறேன் என்று மகள் சொல்லிவிட்டு வந்ததில் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

இருவரும் பிறையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அம்மியிடமிருந்து போன் வந்தது. எங்கேயும் பிறை இல்லையாம், நாளைக்கும் நோன்புதானாம், விடியுமுன் சாப்பிட, சஹருக்கு உனக்கு என்ன செய்யட்டும்? பிறை தெரிந்துவிட்டால் நாளைக்குப் பெருநாள். பெருநாளில் நோன்பு வைப்பது ஹராம். கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் மொத்தத் தெருவின் பாவமும் அவள் தலையில். சொன்னாலோ, அம்மி வந்து பார்ப்பது பிறையோடு நிற்காது.

“அம்மி என்னைத் தலைமுழுகிட்டா?” என்று அழுதாள்.

“நான் வோணா வேற யாரு கையனா புடிச்சிப் பாக்கட்டா? பிறை வந்தாலும் வரும்” என்றாள் கயல்.

“தோலை உரிச்சிடுவேன்” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜஹீதா அம்மிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் ஷரஃபுதீன், கமிட்டிக்காரர்கள், கமர் ஜஹான் எல்லோரும் ஒரே வேனில் வந்து மூச்சிரைக்க மாடியேறினார்கள். மேலே வெறும் மேகம். “எங்கேம்மா பிறை?” என்றார் ஹஜ்ரத். ஜஹீதா ஒருமுறை அம்மியைப் பார்த்தாள். பிறகு கயலின் கையைப் பிடித்தாள். பிறை வந்தது. எதையும் சரிபார்க்காமல் விடாத ஹஜ்ரத், கையை விடச் சொன்னார், மறைந்தது. மறுபடி பிடிக்கச் சொன்னார், வந்தது. கமிட்டி முழுக்க அண்ணாந்து பார்த்தது. கமர் ஜஹான் மட்டும் கைகளைப் பார்த்தார். ஜஹீதாவின் கை நடுங்க, பிறையும் நடுங்கியது.

“பிறை தெரியுது. வேற எதையும் பார்க்க என்னை யாரும் கூப்பிடலை” என்று ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார். “நீங்க பார்த்தீங்களாம்மா?”

கமர் ஜஹான் கைகளிலிருந்து கண்ணை எடுத்து ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

“பார்த்தேன் ஹஜ்ரத். கையைப் பார்க்கலைன்னு சொன்னா பிறையும் பொய்யாயிடும்ல?” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கயலிடம் திரும்பினார். “நாளைக்குப் பிரியாணிக்கு வந்துடு. இவ கையை இப்போ விடாதே, படி இருட்டா இருக்கு.”

நாலு வருடமாகப் பெருநாள் இந்த மாடியில்தான் முடிவாகிறது. ரமலான் இருபது தாண்டியதுமே கமிட்டிக்காரர்கள் தேவானையிடம் மீன் வாங்குகிற சாக்கில் வந்து, இரண்டு பேருக்கும் சண்டை கிண்டை ஒன்றும் இல்லையே என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள்.