குழந்தைக்குப் போட்ட பூட்டு

அப்பா வாய் கிழியப் பேசி முடித்துவிட்டார். பெரியவள் கெட்டுப்போனதே செல்போனால்தானாம். அதனால் சின்னவளுக்கு இனி நெட் கிடையாது, வீடியோ கிடையாது, அவர் சம்மதிக்கிற நம்பர்களைத் தவிர யாருக்கும் போன் போகாது. அந்த நம்பர்களில் அக்காவுடையது இருக்காது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

கெட்டுப்போனாள் என்றால் வேறொன்றுமில்லை. அக்கா முடி வெட்டக் கற்றுக்கொண்டு, வேறு ஊரில் கடை போட்டு, வெட்டுவதை வீடியோ எடுத்துப் போடுகிறாள். மகா பாதகம்! "அவ பேச்சையே இந்த வீட்ல எடுக்கக் கூடாது" என்று அன்றைக்கே உத்தரவு. அம்மா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். சின்னவளுக்கு மிச்சம் இருந்தது, பள்ளி விட்டு வந்ததும் அக்காவோடு திருட்டுத்தனமாகப் பேசுகிற பத்து நிமிஷம். இப்போது அதிலும் மண் விழுந்தது.

அப்பாவுக்கு டிரைவிங் ஸ்கூல். ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கை மிதித்தே பிழைப்பு ஓடுகிறது. வீட்டிலும் அதே கால்தான்.

"குழந்தைங்க போனைப் பூட்டுற ஆப்பை நான் போட்டுத் தரட்டுமாப்பா?" என்றாள் சின்னவள்.

"உன் வேலையைப் பாரு. எனக்குத் தெரியாததா?"

கண்ணாடி போட்டால் வயசாகிவிடுமே, அதனால் போடவில்லை. ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரி இரண்டு போன்களை மடியில் வைத்துக்கொண்டு தட்டு தட்டென்று தட்டினார். எது யாருடையது என்று பார்க்கிற பொறுமை அந்த மகானுக்கு ஏது? அவள் போன் 'பெற்றோர்' ஆயிற்று, அவர் போன் 'குழந்தை' ஆயிற்று. சின்னவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூச்சு விடவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவள் போன் கிணுகிணுத்தது. 'உங்கள் குழந்தையின் வீடியோ நேரம் முடிந்தது. இன்னும் நேரம் கேட்கிறது.' 'இன்னும் நேரம் வேண்டுமா?' என்று தன் போனில் வந்ததை ஏதோ விளம்பரம் என்று நினைத்து அப்பா 'சரி'யை அழுத்தியிருப்பார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, குழந்தை என்னதான் பார்த்தது என்று திறந்தாள். அக்கா யாரோ ஒரு தாத்தாவுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் பார்த்ததும் அக்காதான். அதற்கும் முன்னால், அக்காதான்.

சிரிப்பு போய்ப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா குழாயடியில் அழுது சாக, இந்த மனுஷர் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாக மகளைப் பார்க்கிறாரா? தூ! பார்க்கத் தெரிகிறது, கூப்பிடத் துப்பில்லை.

நேரம் கேட்டதற்கு 'மறுக்கவும்' என்பதை அழுத்தினாள். அப்புறம் நம்பர்களுக்குப் போய், ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அடைத்தாள்.

அப்பா வெளியே வந்தார். "என்ன எழவோ, யாருக்கும் போன் போக மாட்டேங்குது. நீ ஏதாவது நோண்டினியா?"

"பூட்டை உங்க போன்லயே போட்டுக்கிட்டீங்கப்பா. நீங்க பார்த்த வீடியோ எல்லாம் எனக்கு வருது."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"எடுத்து விடு." குரல் இறங்கியிருந்தது.

"ஒரே ஒரு நம்பருக்குப் போகும். பேசிட்டு வாங்க, எடுத்து விடறேன்."

யார் நம்பர் என்று அவர் கேட்கவில்லை. அழுத்திக் காதில் வைத்தார்.

"ஹலோ? அப்பாவா?" என்றது போன்.

ஊருக்கே பாடம் நடத்துகிற வாய் திறக்கவில்லை.

"பேசுங்கப்பா," என்றாள் சின்னவள். "பத்து நிமிஷம்தான் குடுத்திருக்கேன்."