வார்டுக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே ஒரு கோடு

ஒன்பது வருடமாக ஆஸ்பத்திரி மென்பொருளில் பிழை பிடித்தே பழகியவளுக்கு அலுவலகத்தில் 'பூச்சி' என்றே பெயர்; மென்பொருள் பிழையை அங்கே 'பக்', அதாவது பூச்சி, என்பார்கள். பிடித்தது போதும், இனி கட்டமைப்பை வகுக்கும் குழுவில் உட்கார வேண்டும் என்று அவள் கேட்டபோது, தலைமை வடிவமைப்பாளர் சுற்றி வளைக்கவில்லை.

"மொத்த சிஸ்டத்தையும் ஒரே தாள்ல வரைஞ்சு வெள்ளிக்கிழமை கொண்டாங்க. பார்த்ததும் புரிஞ்சா குழுவுல இடம். இல்லேன்னா இந்த வருஷம் இந்தப் பேச்சே வேண்டாம்."

திங்கட்கிழமை வரைந்ததில் நாற்பத்து மூன்று பெட்டிகள். பூனை கையில் சிக்கிய நூல்கண்டு தேவலை. செவ்வாய்க்கிழமை பெட்டிகள் குறைந்தன, கலர் கூடியது. பார்க்க லட்சணமாக இருந்ததே தவிர ஒரு மண்ணும் விளங்கவில்லை. இரண்டையும் கிழித்துப் போட்டாள். ஆனால் விடுவதாக இல்லை.

புதன்கிழமை மாலை, சாப்பாட்டு மேசையில் மூன்றாவது தாள். துணி வெட்ட இடம் கேட்டு வந்த அண்ணி, தையல்காரி, அதை எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"கோடு, அண்ணி."

"கோடுன்னு கண்ணுக்குத் தெரியுது. அது என்ன பண்ணுது?"

பூச்சிக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு கோட்டின் மேலும் அது செய்யும் வேலையை எழுத ஆரம்பித்தாள். 'பதியும்', 'மருந்து கேட்கும்', 'பில் போடும்'. ஆய்வகத்திலிருந்து, வார்டில் நர்ஸ் பார்க்கும் திரைக்குப் போகும் அம்புக்கு வந்ததும் பேனா நின்றது. தலைமை வடிவமைப்பாளர் வரைந்து அலுவலகச் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்து அப்படியே போட்ட அம்பு அது. அங்கே அதன் மேல் 'உடனே' என்று எழுதியிருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவை ஆய்வகம் உடனே அனுப்புகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை முழுக்க மென்பொருளின் நிரலைத் தோண்டினாள். ஆய்வகம் எதையுமே அனுப்பவில்லை. வார்டு திரைதான் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. அம்பைத் திருப்பிப் போட்டு அதையே மேலே எழுதினாள்.

வெள்ளிக்கிழமை தலைமை வடிவமைப்பாளர் தாளைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இந்த அம்பு மட்டும் தலைகீழா இருக்கு. திருப்பிடுங்க, இடம் உங்களுக்குத்தான்."

ஒரு அம்புதான். திருப்பினால் காரியம் முடிந்தது.

"திருப்ப மாட்டேன் சார். நிரலைத் திறந்து பாருங்க."

திறந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார்.

"அப்போ அவசர முடிவு வந்தாலும் நர்ஸ் கால் மணி நேரம் காத்துக்கிட்டிருக்கணுமா?"

"ஆமா சார்."

"இந்தத் திரையைச் சோதிச்சு ஓகே போட்டது யாரு?"

"நான்தான். உங்க படத்துல 'உடனே'ன்னு இருந்தது. நம்பிட்டேன், எவ்வளவு நேரமாகுதுன்னு கடிகாரத்தைப் பார்க்கல. நம்பியிருக்கக் கூடாது."

இடம் போச்சு என்றே நினைத்தாள். போனால் போகட்டும், சொன்னதைத் திரும்பப் பெறப் போவதில்லை.

அவர் தாளை மேசையில் வைத்தார். "தப்பா வரைஞ்சது நான்" என்றார். "இதே மாதிரி இன்னும் பதினோரு படம் வரைஞ்சிருக்கேன். திங்கட்கிழமை குழுவுல வந்து உட்காருங்க. ஒவ்வொரு கோடா கேளுங்க."

"திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு சார்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அந்தப் படங்களை இப்பவே எடுங்க."