ஒல்லி சொன்ன எடை

ஒல்லி என்பது பெயின்ட் வேலைக்கு வந்த புதிதில் அவனுக்கு விழுந்த பெயர். இப்போது சட்டைப் பித்தான்கள் வயிற்றோடு மல்லுக்கு நிற்கின்றன. பெயர் மட்டும் ஊதவில்லை.

உயரக் கட்டடங்களுக்கு வெளிச்சுவர் அடிக்கிற வேலை. கயிற்றில் தொங்கும் பலகையின் ஒரு முனையில் ஒல்லி, மறுமுனையில் அவன் மனைவியின் தம்பி. மொட்டைமாடியில் இரண்டு இரும்புத் தூலங்கள் வெளியே நீட்டியிருக்கும். ஆளின் எடைக்குத் தக்கபடி அவற்றின் வால்பக்கம் மணல் மூட்டை அடுக்குவது கயிற்றுக்காரரின் பொறுப்பு. புதுக் கட்டடம் தொடங்கும்போது அவர் எடை கேட்பார், இவர்கள் சொல்வார்கள். யாரும் தராசில் ஏறிக் காட்டியதில்லை. உயிர் போகிற விஷயத்தில் எவன் பொய் சொல்வான்?

இந்தத் தடவை கேட்டபோது ஒல்லி சொன்னான். "எழுபதுண்ணே."

கயிற்றுக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்று மூட்டை தூக்கப் போனார்.

எண்பது என்றுதான் சொல்ல நினைத்திருந்தான். அதுவே பொய். பக்கத்தில் பெண்கள் மணல் சலித்துக்கொண்டிருந்தார்கள். நாக்கு தானாக இன்னும் பத்தைக் குறைத்துவிட்டது.

மேஸ்திரி திட்டினால் எதிர்த்துப் பேசத் தெரியாதவன் அவன். "கையா அது, விளக்குமாறா?" என்று நாலு பேர் நடுவே கேட்டால் சிரித்து மழுப்புவான். பிறகு பெயின்ட் கிடங்கின் பின்பக்கம் போய், காலி டிரம்முக்குள் ஒளித்திருக்கும் பன்னையும் பிஸ்கட்டையும் எடுப்பான். முதல் பன்னுக்கு ருசி இருக்கும். அப்புறம் ருசியும் இல்லை, பசியும் இல்லை. கை கொண்டுபோகும், வாய் வாங்கும். வயிறு கல்லாகி மூச்சு முட்டும்போதுதான் நிற்பான். வீட்டில் மனைவி தட்டு வைத்தால், சந்தேகப்படக் கூடாதே என்று அதையும் தின்பான். தண்டனை மாதிரி மறுநாள் காலையில் பட்டினி கிடப்பான். மத்தியானத்துக்குள் அந்தப் பட்டினியே பிடரியைப் பிடித்து டிரம்மிடம் தள்ளிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

ஆறாவது மாடிச் சுவரை அடித்துக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்துத் தூலம் வாலைத் தூக்கியது. பலகை சரிந்தது. வாளி கீழே போய் வெடித்தது. சறுக்கி வந்த மைத்துனன் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். மேலே இருந்தவர்கள் தூலத்தின்மேல் விழுந்து படுத்து அமுக்கிக்கொள்ள, இருவரையும் இறக்கினார்கள். உயிர் தப்பியது. மைத்துனனின் மணிக்கட்டு வீங்கிப்போனது.

மேஸ்திரி கயிற்றுக்காரரைப் பிடித்துக்கொண்டார். "வயசாயிடுச்சு உங்களுக்கு. மூட்ட எண்ணக்கூட வரல. நாளையிலேருந்து வீட்ல உக்காந்து கொசு அடிங்க!"

கயிற்றுக்காரர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். அவர் கண் ஒருமுறை ஒல்லியிடம் வந்துவிட்டுப் போயிற்று.

பேச வேண்டியவன் ஒல்லி. ஆனால் கால்கள் அவனைக் கிடங்குக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டன.

மைத்துனன் தேடி வந்தபோது அவன் வாய் நிறைய பன். மடியில் காலிப் பாக்கெட்டுகள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"பசியா மாமா?"

கேட்டதில் கேலிகூட இல்லை. ஒல்லி மென்று தள்ளிவிட்டுச் சொன்னான். "பசியில்ல மாப்ள. அவரு திட்டு வாங்குறப்ப தொண்டையில என்னமோ அடைச்சுது. அத உள்ள தள்ளத்தான் திங்கிறேன். எப்பவும் இப்படித்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவனுக்கே புரிந்தது.

"அவரு உன் எடைக்குத்தான மூட்ட வெச்சாரு?"

"பொய் சொல்லிட்டேன்டா."

மைத்துனன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். "நான் கீழ போயிருந்தா அக்காகிட்ட என்ன சொல்லியிருப்ப? அப்பவும் எழுபதுதானா?"

ஒல்லி எழுந்தான். வாயைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. கிடங்கு வாசலில், சுவருக்குப் பூசும் பட்டி மாவை நிறுக்கும் தராசு இருந்தது. ஆட்கள் பார்க்க அதில் ஏறி நின்றான். முள் தொண்ணூற்றாறைத் தொட்டு ஆடி நின்றது.

"எடைய மாத்திச் சொன்னது நான். அண்ணன்மேல தப்பில்ல."

"அடேயப்பா, இதுதான் ஒல்லியா?" என்றது ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது. மணல் சலிக்கும் பெண்களும் சிரித்தார்கள்.

"திங்கிறதும் தின்னுட்டு வாயில பொய் வேறயா?" என்றார் மேஸ்திரி.

கயிற்றுக்காரர் அருகில் வந்தார். "எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நீ சொன்னப்பவே தெரியும். பொம்பளைங்க முன்னாடி உன்ன மறுத்துப் பேச மனசில்லாம, சொல்லாம கொள்ளாம ஒரு மூட்ட கூட்டி வெச்சேன். பத்தல. உன் மானத்தப் பாத்தேன், இவன் உயிரப் பாக்கல. தப்பு எனக்கும் உண்டு."

மேஸ்திரியின் ஏச்சைவிட அந்த ஒரு மூட்டை ஒல்லியின் தலையில் கனத்தது. அவன் மறைத்ததை இன்னொருவரும் தெரிந்தே சேர்ந்து மறைத்திருக்கிறார்.

கயிற்றுக்காரருக்கு வேலை தங்கியது. தராசில் ஏறாமல் இனி யாரும் பலகையில் ஏறக் கூடாது என்றார் மேஸ்திரி. ஒல்லிக்குத் தரையோடு சரி; மதிலுக்கு அடிக்கலாம், ரோலர் கழுவலாம்.

சாயங்காலம் ஒல்லியும் மைத்துனனும் வீட்டுக்கு நடந்தார்கள். பேக்கரியைத் தாண்டும்போது வெண்ணெய் வாசனை சூடாக வந்தது. அன்றைய சிரிப்பெல்லாம் ஒன்றுதிரண்டு தொண்டைக்கு ஏறியது. ஒல்லி நின்றுவிட்டான்.

"மாப்ள, திங்கணும்போல இருக்கு." இப்படி யாரிடமும் சொன்னதில்லை. காது மடல் சுட்டது.

முன்னே போன மைத்துனன் திரும்பி வந்தான். "எவ்வளவு நேரம் இருக்கும் அது?"

"தெரியாது. நின்னு பாத்ததே இல்ல."

"அப்ப நில்லு. நானும் நிக்கிறேன்."

பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னங்க வேணும்?"

"ஒண்ணும் வேணாம்ணே. சும்மா நிக்கிறோம்" என்றான் மைத்துனன்.

ஒல்லி தலையைத் தூக்கவில்லை. அது போகவில்லை. வீட்டில் மனைவியிடம் சொல்ல வேண்டியதை நினைத்ததும் இன்னும் ஏறியது. எச்சிலை விழுங்கிக்கொண்டு அங்கேயே நின்றான்.